காலேஜ் முதல் வருஷம்: என்.எஸ்.எஸ்-ல பேர் கொடுக்கலாமா? அந்த 120 மணி நேரத்துல என்னதான் இருக்கு?

கல்லூரி திறந்து ரெண்டு மூணு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் மதியம் ஒரு பேராசிரியர் கையில் ஒரு தாளோடு முதலாம் ஆண்டு வகுப்புக்குள் வருவார். “என்.எஸ்.எஸ்-ல சேர விருப்பம் இருக்கிறவங்க பேர் எழுதிக் கொடுங்க” என்பார். பின் பெஞ்சிலிருந்து “ஓ.டி கிடைக்குமா சார்?” என்று ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும். சிலர் ஓ.டி-க்காகவே பேர் கொடுப்பார்கள். பலர் “நமக்கு எதுக்கு வம்பு” என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். அஞ்சு நிமிஷத்தில் அந்தத் தாள் அடுத்த வகுப்புக்குப் போய்விடும்.

கோடிங் கத்துக்கணும், சி.ஜி.பி.ஏ ஏத்தணும், இன்டர்ன்ஷிப் பிடிக்கணும் என்று ஆயிரம் கவலை இருக்கும்போது, ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்யப் போவதால் என்ன லாபம்? நியாயமான கேள்விதான். முதல் வருஷ மாணவர்களும், அவர்களுக்கு அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கும் உங்களைப் போன்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வருஷத்துல அப்படி என்ன சிக்கல்?

உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வறிக்கை 2021-22-ன்படி தேசிய சராசரி 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் நிறைய.

அட்மிஷன் கிடைப்பது ஒரு கதவு. உள்ளே போன பிறகு, “நானும் இந்த இடத்துக்கு உரியவன்தான், உரியவள்தான்” என்ற எண்ணம் வரவேண்டும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் செமஸ்டர் முழுக்க வகுப்பில் வாயைத் திறக்கவே பயம். சென்னையில் வளர்ந்தவர்கள் ஒரு குழு, ஹாஸ்டல் ஒரு குழு, ஒரே மாவட்டத்துக்காரர்கள் ஒரு குழு என்று முதல் மாதத்திலேயே கோடுகள் விழுந்துவிடும். மெஸ்ஸில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதில் சாதிகூட எட்டிப் பார்க்கும். எந்தக் குழுவிலும் ஒட்டாத ஒருவர் மெல்ல வகுப்புக்கு வருவதைக் குறைப்பார். வருகைப் பதிவு குறையும், அரியர் விழும், வீட்டுக்குச் சொல்லத் தைரியம் வராது. ஒருநாள் சூட்கேஸோடு ஊருக்குத் திரும்பிவிடுவார். காரணம் கேட்டால் “படிப்பு பிடிக்கல” என்பார்.

மார்க்கோ ஆங்கிலமோ கேட்காத ஓர் இடம் அவருக்கு வேண்டியிருக்கிறது. அப்படி இருக்கக்கூடிய இடங்களில் என்.எஸ்.எஸ்-ஸும் ஒன்று.

என்.எஸ்.எஸ் எப்போ வந்தது?

நாட்டு நலப்பணித் திட்டம் என்பது இதன் தமிழ்ப் பெயர். காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி.ராவ் இதைத் தொடங்கி வைத்தார். முதலில் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்கள் சேர்ந்தார்கள். ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது இதன் முழக்கம். மாணவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் இருப்பது கொனார்க் சூரியக் கோவிலின் தேர்ச் சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் எட்டு ஜாமங்களைக் குறிக்கின்றன. 24 மணி நேரமும் சேவைக்குத் தயார் என்று அர்த்தம்.

இது கட்டாயமா?

இல்லை. அது யோசித்து எடுத்த முடிவு என்பது பலருக்குத் தெரியாது.

சுதந்திரம் கிடைத்த கையோடு அமைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், மாணவர்கள் விருப்பத்தின் பேரில் சமூகப் பணி செய்யலாம் என்று பரிந்துரைத்தது. 1959-ல் சி.டி.தேஷ்முக் தலைமையில் வந்த குழு வேறு மாதிரி யோசித்தது. பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போக நினைக்கும் எல்லோரும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை கட்டாயமாகத் தேசப் பணி செய்ய வேண்டும் என்றது. செலவும் நடைமுறைச் சிக்கலும் அதை நிறுத்திவிட்டன. பிறகு கே.ஜி.சயிதைன் பல நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து, விருப்பத்தின் அடிப்படையில் வைப்பதே சரி என்று சொன்னார். அந்த வழியில்தான் என்.எஸ்.எஸ் பிறந்தது.

ஆக, விருப்பம் இல்லாத ஒருவரின் பேரை எண்ணிக்கைக்காக எழுதுவது இந்தத் திட்டத்தின் அடிப்படைக்கே எதிரானது. “எல்லாரும் சேரணும், இல்லன்னா இன்டர்னல் மார்க் கட்” என்று உங்கள் கல்லூரியில் யாராவது சொன்னால், அது திட்டத்தின் விதி கிடையாது.

120 மணி நேரம் எப்படிப் பிரியுது?

ஒரு தன்னார்வலர் வருஷத்துக்கு 120 மணி நேரம் என்று இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அந்த 120 மணி நேரத்தைத் திட்டக் கையேடு மூன்றாகப் பிரிக்கிறது:

• அறிமுகப் பயிற்சி: 20 மணி நேரம்
• கல்லூரி வளாகத்துக்குள் வேலை: அதிகபட்சம் 30 மணி நேரம்
• தத்தெடுத்த கிராமத்திலோ நகரக் குடியிருப்பிலோ மக்களோடு வேலை: மீதி 70 மணி நேரம்

இதுபோக ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று உண்டு. 240 மணி நேரமும் ஒரு சிறப்பு முகாமும் முடித்தவருக்குத்தான் சான்றிதழ். பொதுவாக 100 பேர் கொண்டது ஓர் அலகு. அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் திட்ட அலுவலராக இருப்பார்.

120 மணி நேரத்தை 52 வாரத்துக்கு வகுத்தால், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட வராது. விடுமுறை, தேர்வு வாரங்களைக் கழித்தாலும் வாரத்துக்கு நாலு மணி நேரத்துக்குள் அடங்கும். ஒரு நாளைக்கு நாம் ரீல்ஸ் பார்க்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த ஏழு நாள் முகாம்ல என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒரு கிராமத்துப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ தங்கல். காலையில் உடல் உழைப்பு: சீமைக் கருவேலம் வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பது, மரக்கன்று நடுவது. மதியம் கண் பரிசோதனை முகாம், கால்நடை மருத்துவ முகாம், விழிப்புணர்வுக் கூட்டம். சாயங்காலம் கலை நிகழ்ச்சி. சாப்பாட்டைப் பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் முறை போட்டுச் செய்ய வேண்டும். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத பையனுக்கு இதுவே பெரிய பாடம். எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே சட்டியிலிருந்து வாங்கிச் சாப்பிடுவதும் அப்படித்தான்.

முகாமின் முக்கியமான வேலை வீட்டுக்கு வீடு நடத்தும் கணக்கெடுப்பு. குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை இருக்கிறதா, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் “முதியோர் உதவித்தொகை வருதா பாட்டி?” என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “அது எங்க போய்க் கேக்குறது தம்பி?” என்கிறார். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சரிபார்த்து, அவரை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய் விண்ணப்பிக்க வைத்தால் அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது, ஒரு எழுத்து தப்பானால் விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது, பொறுமையாகப் பேசினால் எது நடக்கும் என்பதெல்லாம் உங்களுக்குப் புரியும். முகாம் முடிந்த பிறகு, “பணம் வந்துச்சா பாட்டி?” என்று போன் செய்து கேட்கவும் ஓர் ஆள் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வகுப்பில் ஆங்கிலத்துக்குப் பயந்து வாயைத் திறக்காத அந்த மாணவர்தான் இந்தத் திண்ணையில் நன்றாகப் பேசுவார். நூறு நாள் வேலை எப்படி நடக்கும், ரேஷன் கடையில் எந்த நாளில் கூட்டம் இருக்கும், எந்தப் பெரியவரிடம் முதலில் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நகரத்துப் பிள்ளைகள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது அந்தக் குழுவில் அவருக்கு ஓர் இடம் இருக்கும்.

சான்றிதழால வேலை கிடைக்குமா?

சான்றிதழை நீட்டியவுடன் எந்த ஐ.டி கம்பெனியும் வேலை தராது. உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் நேர்காணலில் “ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளிச்சீங்க? குழுவோடு வேலை செஞ்ச அனுபவம் உண்டா?” என்று கேட்பார்கள். அப்போது மனப்பாடம் செய்த பதிலைச் சொல்பவருக்கும், 50 பேருக்கு மதியச் சாப்பாடு வராத நாளில் ஊர்க்காரர்களிடம் பேசிச் சமையல் ஏற்பாடு செய்தவருக்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்குத் தெரியும். சமூகப் பணி, பொது சுகாதாரம், ஊடகம், ஆட்சிப் பணி என்று போக நினைப்பவர்களுக்கு இந்த அனுபவம் நேரடியாகவே உதவும்.

எங்க சொதப்புது?

பல இடங்களில் சொதப்புகிறது. 30 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாத வளாக வேலையே மொத்த வேலையாகிவிடும். கல்லூரி விழாவுக்கு நாற்காலி போடுவது, விருந்தினருக்கு வரிசையில் நின்று கைதட்டுவது, பார்க்கிங்கில் விசில் ஊதுவது எல்லாம் சேவைக் கணக்கில் ஏறும். மரக்கன்று நட்டு போட்டோ எடுத்ததோடு சரி, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அடுத்த வருஷம் அதே குழியில் அடுத்த கன்று.

தத்தெடுத்த கிராமத்துக்கும் இதில் ஒரு தரப்பு உண்டு. வருஷா வருஷம் பிள்ளைகள் வந்து அதே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள், ஒன்றும் மாறவில்லை என்றால் அந்த ஊர்க்காரர்கள் சலித்துக்கொள்வதில் தப்பே இல்லை. “போன வருஷக் கணக்கெடுப்பு எங்க இருக்கு சார்? அதுல என்ன செஞ்சோம்?” என்று உங்கள் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். ஒரு நல்ல அலகையும் பேருக்கு நடக்கும் அலகையும் பிரித்துப் பார்க்க இந்தக் கேள்வி போதும்.

என்.எஸ்.எஸ் மட்டும்தானா?

இல்லை. உங்கள் இயல்புக்கு எது ஒத்துவரும் என்று பாருங்கள்.

என்.சி.சி: 1948-ல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்ட தேசிய மாணவர் படை. ஒழுங்கு, உடற்பயிற்சி, அணிவகுப்பு பிடிக்கும் என்றால் இதுதான் இடம். ‘சி’ சான்றிதழ் கையில் வர மூன்று வருஷம் தேவைப்படுவதால், மூன்று வருஷப் பட்டப்படிப்பில் இருப்பவர்கள் முதல் வருஷமே சேர்ந்தாக வேண்டும். அந்தச் சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு இருந்தால், ராணுவத்தின் சிறப்பு நுழைவு வழியில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்காணலுக்குப் போக விண்ணப்பிக்கலாம். மதிப்பெண், வயது, உடற்தகுதி விதிகள் தனி.

இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம்: முதலுதவி, ரத்த தானம், எச்.ஐ.வி விழிப்புணர்வு ஆகியவை இவற்றின் களம். ரத்தத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க முடியாது. பிரித்தெடுத்த தட்டணுக்களை ஐந்து நாள் வரைதான் வைத்திருக்க முடியும். அதனால்தான் வருஷம் முழுக்கக் கொடையாளர்கள் தேவை. 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் வருத்தப்பட வேண்டாம். உங்களுக்கே தெரியாமல் இருந்த ரத்தசோகை அன்றைக்குத் தெரிய வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு எழுதித் தருவது: பார்வை மாற்றுத்திறனாளிகள் சொல்லச் சொல்ல எழுதித் தர ஆட்கள் எப்போதும் தேவை. தேர்வுக்கு ஏற்ப எழுதுபவரின் கல்வித் தகுதிக்கு விதிமுறை உண்டு, அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அமைப்பு, சீருடை எதுவும் வேண்டாம், ஒரு காலை நேரம் போதும். கூட்டம் என்றாலே கூச்சப்படுபவர்களுக்கு ஏற்ற சேவை இது.

18 ஆயிடுச்சா? ஒரு வேலை பாக்கி இருக்கு

சமூகப் பங்களிப்பு என்றால் வாக்காளர் பட்டியலும் அதில் சேர்த்திதான். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்கள் சொந்த ஊரிலோ, கல்லூரி முதல்வரின் சான்றோடு ஹாஸ்டல் முகவரியிலோ பதிவு செய்யலாம். இரண்டில் ஓர் இடத்தில்தான் பேர் இருக்க வேண்டும்.

எதுக்கெல்லாம் ‘நோ’ சொல்லணும்?

“சீனியர் சொன்னா செய்யணும், அதுவும் சேவைதான்” என்று யாராவது ரெக்கார்டு நோட்டு எழுதவோ துணி துவைக்கவோ சொன்னால், அது ராகிங். 1996-ல் சிதம்பரத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட சம்பவம் மாநிலத்தையே உலுக்கியது. அடுத்த வருஷமே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். யு.ஜி.சி-யின் 24 மணி நேர உதவி எண் 1800-180-5522.

முகாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி முகாமில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது நினைவிருக்கும். முகாமுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா, உடன் வரும் ஆசிரியர்கள் யார், பெண் ஆசிரியர் வருகிறாரா, தங்குமிடம் எங்கே என்று பெற்றோரும் மாணவரும் கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படும் இடத்துக்குப் போக வேண்டியதில்லை.

தனிமை, தூக்கமின்மை, எதிலும் ஆர்வமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கு மருந்து சேவையும் இல்லை, ‘பிஸியா இரு, சரியாயிடும்’ என்ற அறிவுரையும் இல்லை. டெலி மனஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். உங்கள் ரூம்மேட் அப்படி இருந்தால், நம்பரை அனுப்பிவிட்டு நகராமல், பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட வையுங்கள்.

படிப்பு கெட்டுடாதா?

எல்லா அமைப்பிலும் பேர் கொடுத்தால் கண்டிப்பாகக் கெடும். முதல் வருஷம் ஒன்றே ஒன்று போதும். ஓ.டி-யில் போன நாட்களின் நோட்ஸை அந்த வாரமே வாங்கிவிடுங்கள். ஆய்வகத் தேர்வு, இன்டர்னல் தேதிகளை முகாம் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பகுதி நேர வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் என்றால், முடியாததை முடியாது என்று சொல்வதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம். மாலையில் கடையில் நின்று வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளையிடம் “உனக்குச் சமூக அக்கறை இல்லையா?” என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

பேர் கொடுக்க நினைத்தால், அதற்கு முன் இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு தன்னார்வலரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். போன வருஷம் எந்த ஊருக்குப் போனீங்க? அங்க யாராவது ஒருத்தரோட பேர் ஞாபகம் இருக்கா? திரும்ப எப்போ போறீங்க? மூன்றுக்கும் பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள். வரவில்லை என்றால், கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சேர்ந்து, இந்த வருஷத்திலிருந்து அந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ஓர் அலகை உள்ளேயிருந்து மாற்ற 100 பேரும் தேவையில்லை, அஞ்சு பேர் போதும்.